மூத்தவள் கிள்ளுகிறாள், மனைவி பேசுவதில்லை: முதலில் யாரைக் காட்டுவது?

ராணுவத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொந்த ஊர் வேலூர் மாவட்டம், கணியம்பாடி பக்கம் ஒரு கிராமம். இரண்டாவதும் பெண் குழந்தை, பிறந்து மூன்று மாதம். மூத்தவளுக்கு மூன்று வயது. மனைவி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், மாமியார் வீட்டுக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. வந்ததிலிருந்து மூத்தவள் பாப்பாவைக் கிள்ளுகிறாள், படுக்கையை நனைக்கிறாள், பால்வாடி வாசலில் விழுந்து புரள்கிறாள். மனைவி ஃபோனில் "ம்", "சரி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். "புள்ள அழுதுகினே கீது, அவ செவுத்தப் பாத்துகினு உக்காந்துகினு கீறா" என்கிறார் தம்பியின் அம்மா. ஆண் பிள்ளை எதிர்பார்த்தோம், அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம், எனக்கும் கொஞ்சம் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மூத்தவளை டாக்டரிடம் காட்டலாமா, அம்மா சொல்வதுபோல மந்திரிக்கலாமா, இவ்வளவு தூரத்திலிருந்து நான் என்ன செய்ய முடியும் என்பது அவர் கேள்வி.

தம்பி, மூத்தவளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் காட்ட வேண்டியது உங்கள் மனைவியை, அதுவும் இந்த வாரத்துக்குள். அவர் மேல் குறை இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. மூத்தவள் செய்வதாக நீங்கள் எழுதியதெல்லாம் அந்த வயதில், அந்த நிலைமையில் எதிர்பார்க்கக்கூடியவை. மனைவியைப் பற்றி எழுதியிருப்பது அப்படி இல்லை. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு இது இன்ன நோய் என்று யாரும் முடிவு கட்ட முடியாது. ஆனால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டிய அளவுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

இந்தப் பக்கத்து கிராமங்களில் தாய் சேய் நல வேலையில் நெடுநாள் இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "புள்ள சரியில்ல" என்று தூக்கிக்கொண்டு வருபவர்களில் பலர் தங்களுக்குச் சரியில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் பஸ் காசு கிடைக்கும். எனக்கு மனசு சரியில்லை என்றால் கிடைக்காது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் மனநலத்தைத் தனியாக எடுத்துப் பார்க்கவே முடியாது. பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர் எப்படி இருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 பெண்களைச் சேர்த்து, பிரசவம் ஆன 6 முதல் 12 வாரத்தில் அவர்களைத் திரும்பப் பார்த்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 2002ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. திரும்பப் பார்த்தபோது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பெண்ணுக்கு மனச்சோர்வு இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக வந்தது என்று மட்டும் எடுத்தால் 11 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தார்கள்: வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை பெற்றவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதவர்கள், கர்ப்ப காலத்தில் பெரிய கஷ்டம் எதையாவது சந்தித்தவர்கள், வீட்டு வேலைக்கு ஒத்தாசை இல்லாதவர்கள். நீங்கள் எழுதிய கேள்வியை இதன் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இதில் உங்கள் மனைவியின் "குணம்" என்று எதுவும் இல்லை. எல்லாம் அவரைச் சுற்றி இருப்பவை. அவற்றில் பாதியையாவது உங்கள் வீட்டில் உள்ளவர்களால் மாற்ற முடியும்.

பிரசவமான முதல் சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவதும், எரிந்து விழுவதும், அடுத்த நிமிஷம் சிரிப்பதும் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. பத்துப் பதினைந்து நாளில் தானாகவே அடங்கிவிடும். அதற்கு மருந்து வேண்டாம், தூக்கமும் ஆதரவும் போதும். மூன்றாவது மாதத்திலும் ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது இந்தக் கணக்கில் சேராது.

மனச்சோர்வு என்றதும் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பார் என்று நினைக்கிறார்கள். நம் பக்கத்துப் பெண்கள் "எனக்குத் துக்கமாக இருக்கிறது" என்று வந்து சொல்வது குறைவு. தலைவலி, இடுப்பு வலி, உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடப்பு, சோறு இறங்கவில்லை, ஒன்றும் பிடிக்கவில்லை என்பார்கள். பால் வற்றிப்போச்சு, பிள்ளைக்குப் பத்தவில்லை என்று விடாமல் கவலைப்படுவார்கள். எடை போட்டுப் பார்த்தால் பிள்ளை நன்றாக ஏறியிருக்கும். நான் முக்கியமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா? கைக்குழந்தை வைத்திருக்கும் எல்லாருக்கும் தூக்கம் கெடும். பிள்ளையும் தூங்கி, வீடும் அடங்கி, உடம்பும் களைத்துப்போன பிறகும் கண் மூடவில்லை என்றால் விசாரிக்க வேண்டும்.

எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. 1987ல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும்: சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆசையாக எதிர்பார்த்தீர்களா, தேவையில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா என்று போகும். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்டார்களே என்று பல பெண்களுக்கு மூச்சு வருகிறது.

உங்கள் மனைவி செத்துப்போனால் தேவலை என்கிற மாதிரி பேசினாலோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றாலோ, யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது, பிள்ளை என் பிள்ளையே இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொன்னாலோ, இரண்டு மூன்று நாள் துளியும் தூங்காமல் பரபரவென்று இருந்தாலோ, வாரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரி. தாயையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது. பிள்ளை பெற்ற ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குக் கடுமையான மனப்பிறழ்வு வருவதுண்டு. பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும், சிகிச்சையில் நன்றாகவே குணமாகும். பேய் பிடித்தது என்று கோயில் கோயிலாகச் சுற்றிய நாட்களில்தான் விபரீதம் நடக்கிறது.

கைக்குழந்தைக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சின்னச் சோதனை செய்தார். தாய் பிள்ளையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருப்பார். பிறகு ஓரிரு நிமிஷம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். எதற்கும் பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உடம்பைச் சுருக்கிக்கொள்ளும், அழும். சில மாதக் குழந்தைக்கே அது தெரிகிறது. நாள் கணக்கில், மாதக் கணக்கில் அப்படி இருந்தால் பேச்சு, தூக்கம், எடை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும்.

இதை உங்கள் மனைவியிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே "நான் நல்ல அம்மா இல்லை" என்று உட்கார்ந்திருப்பவருக்கு இது இன்னொரு அடி. அதே ட்ரோனிக் இன்னொன்றும் கண்டார்: நன்றாக இருக்கும் தாய் பிள்ளைக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒருவருக்கொருவர் சரியாகப் பொருந்திப் போகிறது. மற்ற நேரமெல்லாம் தவறவிடுவதும் திரும்பப் பிடிப்பதும்தான். நாள் முழுக்கக் கொஞ்ச வேண்டாம். குளிப்பாட்டும்போது, துணி மாற்றும்போது, அது "ங்கா" என்றால் இவரும் ஒரு "ங்கா" சொன்னால் போதும். தாயால் முடியாத நாளில் அந்த "ங்கா"வைப் பாட்டி சொல்லலாம், பக்கத்து வீட்டு அக்கா சொல்லலாம். பிள்ளைக்குப் பதில் வருவதுதான் முக்கியம், யாரிடமிருந்து என்பது அப்புறம்.

சரி, மூத்தவளுக்கு வருவோம். அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். அம்மா வயிறு பெரிதாகி இவளைத் தூக்குவதை நிறுத்தினார். வீடு மாறி அம்மாயி வீட்டுக்குப் போனார்கள். அங்கே எல்லாரும் புதிதாக வந்த ஒன்றைச் சுற்றி நின்றார்கள். அப்பா லீவில் வந்தார், போய்விட்டார். மறுபடி வீடு மாறி இங்கே வந்தால் அம்மா மடியில் இடம் இல்லை, அம்மா முகத்தில் சிரிப்பும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வார்த்தை கிடையாது. கிள்ளத் தெரியும், நனைக்கத் தெரியும், தரையில் விழத் தெரியும். மூன்று வயதில் இரவில் படுக்கையை நனைப்பதே நோய் இல்லை. ஐந்து வயது வரை யாரும் அதற்கு வைத்தியம் பார்ப்பதில்லை. நின்றிருந்தது திரும்ப ஆரம்பிப்பது, தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டில் சகஜம். ஒன்றிரண்டு மாதத்தில் அடங்கும், திட்டினால் நீளும்.

"நீ அக்காவாயிட்ட, பெரிய புள்ள" என்று சொல்வதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அவள் பெரிய பிள்ளையாக ஆசைப்படவில்லை, சின்னப் பிள்ளையாக இருந்தபோது கிடைத்ததைத்தான் கேட்கிறாள். பாட்டிலில் பால் கேட்டால் ஒரு வாய் கொடுத்துவிட்டுப் போகட்டும், கெட்டுப்போக மாட்டாள். கிள்ளினால் கையைப் பிடித்து, "பாப்பாவுக்கு வலிக்கும், விடமாட்டேன். உனக்கு அம்மா வேணும்னா அம்மான்னு கூப்பிடு" என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும். திருப்பிக் கிள்ளிக் காட்டுவது, மிளகாய் தடவுவேன் என்று மிரட்டுவது, பூச்சாண்டி, "உன்ன வித்துடுவேன்", "உங்கப்பா வரமாட்டாரு" எல்லாம் வேண்டாம். கடைசியில் சொன்னதை மட்டும் பாட்டியிடம் தனியாக வலியுறுத்துங்கள். அப்பா நிஜமாகவே வீட்டில் இல்லாத பிள்ளை அது, நம்பிவிடும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம், பாப்பாவை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, மூத்தவளோடு மட்டும் யாராவது உட்கார வேண்டும். அம்மாவால் முடிந்தால் அம்மா. என்ன விளையாட்டு என்று அவள்தான் சொல்ல வேண்டும். சொப்புச் சாமானில் சோறு ஆக்கினால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் "இது என்ன கலர், ஒண்ணு ரெண்டு சொல்லு" என்று பாடம் நடத்தக் கூடாது. பொம்மைக்குச் சோறு ஊட்டுவாள், பொம்மையை அடிப்பாள், தூக்கிப் போடுவாள். அடிக்கட்டும். வாயால் சொல்ல முடியாததைப் பொம்மையிடம் காட்டுகிறாள். கொஞ்ச நாள் கழித்து அதே பொம்மையைத் தட்டித் தூங்க வைப்பாள். அதுவரை பாப்பாவையும் அவளையும் ஒரே அறையில் பெரியவர் யாரும் இல்லாமல் விடாதீர்கள். மூன்று வயதுக்குத் தன் கை பலம் தெரியாது.

பால்வாடியை நிறுத்த வேண்டாம். வீட்டில் எல்லாம் தலைகீழாகக் கிடக்கும்போது தினமும் அதே பாய், அதே டீச்சர், அதே ஆயா, அதே நேரத்துக்குச் சாப்பாடு என்பது பிள்ளைக்குப் பெரிய பிடிமானம். ஒரு வாரம் பாட்டி அரை மணி நேரம் அங்கேயே உட்காரட்டும், பிறகு கால் மணி, பிறகு வாசல் வரை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நைசாக நழுவி வருவதுதான் எல்லாரும் செய்வது, அதுதான் கெடுக்கிறது. அடுத்த நாள் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். அழுதாலும் சரி, "பாட்டி போய்ட்டு சாப்பாட்டு மணி அடிச்சதும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வர வேண்டும். டீச்சரிடம் வீட்டு நிலைமையை இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள். 1975ல் ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்ததிலிருந்து சத்துமாவும் எடையும்தான் பால்வாடி என்று பழகிவிட்டோம். கிராமத்தில் ஒரு பிள்ளையை நாள்தோறும் பார்க்கிற வெளி ஆள் அந்த டீச்சர் ஒருவர்தான். பாலூட்டும் தாய்க்கும் பிரசவமான ஆறு மாதம் வரை சத்துமாவு உண்டு. உங்கள் மனைவிக்கு வருகிறதா என்று கேளுங்கள்.

மூத்தவளைத் தனியாக டாக்டரிடம் காட்ட வேண்டியது எப்போது என்றால், பேசிக்கொண்டிருந்த பேச்சு குறைந்துபோனால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், கண்ணைப் பார்க்காவிட்டால், இரண்டு வயது தாண்டியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியதே இல்லை என்றால், விளையாட்டே நின்றுபோனால், எடை இறங்கினால். இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம். பால்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவே, வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதித் தரும்.

மந்திரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நம் ஊரில் சாயந்திரம் பள்ளிவாசல் வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் எல்லா மதத்துப் பெண்களும் உண்டு. வேப்பிலை அடிப்பதும், திருநீறு போடுவதும், கயிறு கட்டுவதும் பிள்ளையை ஒன்றும் செய்யாது. பாட்டியின் பயம் கொஞ்சம் இறங்கும், அதுவும் இந்த வீட்டுக்கு வேண்டியதுதான். சூடு போடுவது, மூக்கில் புகை காட்டுவது, வாயில் எதையாவது ஊற்றுவது கூடாது. மனைவிக்கு மந்திரிக்கிறேன் என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவதும் கூடாது. காலையில் ஓ.பி., சாயந்திரம் மந்திரிப்பு என்று அம்மாவிடம் பேசிப் பாருங்கள், சண்டை வராது.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் எழுத்தில் அவர் குற்றவாளி மாதிரி வருகிறார். ஆனால் இந்த மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகளை வளர்ப்பது பாட்டிகள்தான். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி பஸ் விடியற்காலையில் வந்து மருமகள்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், இருட்டும் வரை பிள்ளை அவர்கள் இடுப்பில். குடியாத்தம் பக்கம் மடியில் பீடி முறமும் காலடியில் பேரப்பிள்ளையுமாக உட்கார்ந்திருக்கும் கிழவிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முட்டி வலி, சுகர், பிரஷர், அதோடு இரவில் கைக்குழந்தை அழுகை. உங்கள் அம்மாவை "நீ எப்படிம்மா கீற, ராத்திரி தூங்கினியா" என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்? அதைக் கேட்டுவிட்டு அப்புறம் மற்றதைப் பேசுங்கள்.

மற்றதையும் பேசத்தான் வேண்டும். பெண் பிள்ளை விஷயத்தை நீங்கள்தான், உங்கள் வாயால், அம்மாவிடம் சொல்ல வேண்டும். "எனக்கு ரெண்டு பொண்ணு, எனக்குப் போதும்மா, இத இனிமே யாரும் பேசக் கூடாது" என்று ஒரு தடவை, கோபம் இல்லாமல், மனைவி காதில் விழும்படி. அவர் மூன்று மாதமாகக் காத்திருப்பது அந்த ஒரு வாக்கியத்துக்காகக்கூட இருக்கலாம். உங்களுக்கும் கொஞ்சம் ஏமாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்கு அது ஃபோனிலேயே தெரிந்திருக்கும்.

ஃபோனில் எப்படிப் பேசுவது? முதலில், ஸ்பீக்கர் போட்டுக் கூடத்தில் வைத்துப் பேசும் ஃபோனில் எந்த மருமகளும் "ம்", "சரி" தவிர வேறென்ன சொல்வார்? அவர் தனியாகப் பேச ஒரு நேரம் பிடியுங்கள். அம்மா மூத்தவளைப் பால்வாடிக்கு அழைத்துக்கொண்டு போகும் நேரம் நல்லது. "ஏன் புள்ளயப் பாக்க மாட்டேங்கற" என்று ஆரம்பிக்காதீர்கள். "நேத்து ராத்திரி எத்தன வாட்டி எழுந்த? காலைல என்ன சாப்ட்ட? எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா கீது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சும்மா இருங்கள், லைனை வெட்ட வேண்டாம். அழுதால் "அழாத" என்று சொல்லாதீர்கள். உடனே தீர்வு சொல்லும் பழக்கம் ஆண்களுக்கு உண்டு, ராணுவத்தில் இன்னும் அதிகம். முதல் இரண்டு மூன்று ஃபோனில் எந்தத் தீர்வும் சொல்ல வேண்டாம். எடின்பரோ தாளின் பத்தாவது கேள்வியை மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள்: "உயிரோட இருந்து என்ன பண்றதுன்னு தோணுதா?"

மூத்தவளோடு வீடியோ காலில் "சாப்ட்டியா, ஸ்கூல் போனியா" என்று கேட்டால் ஓடிவிடுவாள். கேள்வி கேட்காமல் எதையாவது காட்டுங்கள்: உங்கள் ஷூவை, தட்டில் இருக்கும் ரொட்டியை, வெளியே போகும் நாயை. முகத்தை மறைத்து மறைத்துக் காட்டுங்கள். ஐந்து நிமிஷம் போதும். சிக்னல் கிடைக்காத இடத்தில் இருந்தால் ஒரு குட்டிக் கதையைக் குரலில் பதிந்து அனுப்புங்கள். தூங்கும்போது தினமும் அதையே கேட்பாள். இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. அப்பாவோடு பேசுவதை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வீட்டில் உடனே மாற்ற வேண்டியது தூக்கம். இரவில் நாலைந்து மணி நேரம் விட்டு விடாமல் தூங்கக் கிடைத்தாலே பாதி வித்தியாசம் தெரியும். ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவர் படுத்துவிடட்டும், பாப்பா பாட்டி பக்கத்தில். நடுவில் ஒரு வேளைக்குப் பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். வேலூர் வெயிலில் வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து, கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் இறக்கிக் குளிர் விட்டதும் கொடுக்க வேண்டும். பாட்டிக்கு முடியவில்லை என்றால், மனைவியின் அம்மாவையோ தங்கையையோ ஒரு மாதம் வந்து தங்கச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்பதெல்லாம் இருக்கட்டும், அவரே சில வாரம் அம்மா வீட்டில் இருக்க ஆசைப்பட்டால் அனுப்பி வையுங்கள். துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க ஆள் வைக்க முடிந்தால் வையுங்கள். ஒத்தாசை இல்லாததும் கணியம்பாடி ஆய்வில் ஒரு காரணமாக வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

எங்கே போவது என்றால், முதலில் ஊர் நர்ஸம்மா. தடுப்பூசி நாளன்று பாப்பாவை எடுத்துப்போகும்போது மனைவியைப் பற்றியும் சொல்லச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கட்டும். ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு கோளாறும் இதே அசதியையும் சோர்வையும் கொடுக்கும். அடுத்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, உங்கள் ஊருக்குத் திருவண்ணாமலை ரோட்டிலேயே இருக்கிறது. மனநல ஓ.பி. இலவசம். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று ஊரில் அந்தப் பெயரை இழுத்துச் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த இடத்துக்கு ஒரு தனி மரபு உண்டு. நோயாளியைப் பூட்டி வைத்துக் குடும்பத்தை வெளியே நிறுத்திய காலத்தில், 1950களின் கடைசியிலிருந்தே, குடும்பத்தோடு தங்க வைத்து வைத்தியம் பார்த்தார்கள். அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களை ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். மனவளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைகளுக்கு சி.எம்.சி. நடத்தும் நம்பிக்கை நிலையத்திலும் அதே வழிதான்: பயிற்சி பிள்ளைக்கு மட்டும் இல்லை, கூட வரும் அம்மாவுக்கும்.

மருந்து என்றதும் பால் கெட்டுவிடும் என்று நிறுத்தச் சொல்வார்கள். பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. பால் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னால் அதற்கு ஏற்றதைத் தருவார். வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்றும், இரண்டாம் மாதம் நன்றாகிவிட்டதே என்றும் தாமாக நிறுத்தக் கூடாது. லேசான மனச்சோர்வாக இருந்தால் மருந்தே வேண்டாம், பேச்சு சிகிச்சை போதும் என்று சொல்லலாம். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், நம் நர்ஸம்மாக்களைப் போன்ற சுகாதாரப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ள தாய்மாரை வீட்டில் போய்ப் பார்த்துப் பேச வைத்தார்கள். 2008ல் வந்த அதன் முடிவில், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது இப்படிப் பார்க்கப்பட்டவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிச்சம் இருந்தது. இந்தப் பயிற்சி இல்லாத சுகாதாரப் பெண்கள் போய்ப் பார்த்தவர்களில் அது 53 சதவீதம். அந்தப் பெண்கள் பேசியதெல்லாம் சாதாரண விஷயங்கள்தான்: உன் உடம்பு, உன் பிள்ளை, உன்னைச் சுற்றி உள்ளவர்கள்.

போக வர முடியாத நாளில் 14416க்கு ஃபோன் போடலாம். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 2022ல் வந்தது, இலவசம், இரவு பகல் எப்போதும் உண்டு. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழ் இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து நீங்களும் பேசலாம். பிள்ளை பிறந்த வீட்டில் பத்தில் ஒரு அப்பாவுக்கும் மனச்சோர்வு வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள். தூரத்தில் இருப்பவருக்கு அதைக் கண்டுபிடிக்கப் பக்கத்தில் ஆளும் இருக்காது.

லீவைத் திருவிழாவுக்கென்று சேர்த்து வைத்திருந்தால் அதில் பத்து நாளை இப்போதே எடுக்க முடியுமா என்று பாருங்கள். முதல் ஓ.பி.க்கு நீங்கள் கூட இருந்தால் நல்லது. முடியாவிட்டால் மனைவியோடு போவது அவர் அம்மாவா, உங்கள் அம்மாவா என்று அவரையே கேளுங்கள். பழைய பிரசவச் சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை, பாப்பாவின் தடுப்பூசி அட்டை மூன்றையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஓ.பி.யில் கூட்டம் இருக்கும், காலையில் சீக்கிரம் போக வேண்டும். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாம். மூத்தவளை அன்றைக்கு வழக்கம்போல் பால்வாடியில் விட்டுவிட்டு, அம்மா எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.